கண்மாய் உடைந்த தேதி

நான் டீச்சராக இருக்கும் பள்ளியில் காலைக் கூட்டத்தில் "வரலாற்றில் இன்று" வாசிப்பது என் வேலை. எந்தத் தேதியை எடுத்தாலும் எங்கோ ஒரு போர் முடிந்திருக்கும், யாரோ ஒரு மேதை பிறந்திருப்பார். வாசிக்க வாசிக்க எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

எனக்குப் பிறந்த தேதி தெரியாது. பரளச்சிப் பக்கம் எங்களைப் பள்ளியில் சேர்த்த வாத்தியார், தேதி தெரியாத எல்லாருக்கும் ஒரே நாளைப் போட்டுவிட்டார். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு என்னோடுதான் பிறந்தநாள்.

அம்மாவைக் கேட்டால், "கம்மா ஒடைஞ்ச அன்னைக்கிப் பெறந்த. தண்ணிக்குள்ள என்னையக் கட்டிலோட தூக்கிட்டுப் போனாக" என்பாள். தேதி கேட்டால், "அதை யாரு கண்டா?" என்று சிரிப்பாள்.

கண்மாய் உடைந்த நாளைத் தேடித் திருச்சுழி தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்தேன். அருப்புக்கோட்டை நூலகத்தில் பழைய பேப்பர்களைப் புரட்டினேன். ஊரே தண்ணீரில் மிதந்ததை ஒரு நாயும் எழுதி வைக்கவில்லை.

இப்போது அம்மாவுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டே போகிறது. அவளை விட்டால் கேட்க ஆளில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "கம்மா ஒடைஞ்சது என்னைக்கிம்மா? யோசிச்சுச் சொல்லும்மா."

அவள் முகம் பளிச்சென்று தெளிந்தது.

"திருக்கார்த்திகைக்கு மறுநாளு. விளக்கெல்லாம் தண்ணியில மெதந்துச்சு. அன்னைக்கித்தான் என் கடைசி மக பெறந்தா."

அம்மா என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"அவளப் பாத்து வருசமாச்சு. நீ எங்கயும் பாத்தா வரச் சொல்லு தாயி."