அவளுக்குப் பொருத்திய சைக்கிள்

தினமும் ஆபீசுக்கு நான் சைக்கிளில்தான் போகிறேன். நாற்பது தாண்டிய பொம்பளை ஏற்காட்டு மேட்டில் கியர் மாற்றி மிதித்துப் போனால் பஸ் கண்டக்டர்கூட எட்டிப் பார்ப்பார். அதனால்தானோ என்னவோ, எஸ்டேட் ஆபீசில் அடுத்த மேசையில் இருந்தவள் ஒருநாள், "ஏனுங்கக்கா, நானும் ஓட்டிப் பழகலாமுங்களா?" என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சேலத்தில் பழைய கியர் சைக்கிள் ஒன்றைப் பிடித்து ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்தேன். சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளை முறுக்கி ரிம்மின் கோட்டத்தை எடுத்தேன். மேட்டில் மிதிக்க லேசாக இருக்கட்டும் என்று பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டேன். அவள் குள்ளம். அவளைச் சுவரோரம் உட்கார வைத்து, குதிகால் பெடலைத் தொடும்வரை சீட்டை இறக்கினேன். ஹேண்டில்பாரை அவள் பக்கமாக இழுத்து வைத்தேன். இறக்கத்தில் பயப்படுவாளே என்று பிரேக் கட்டைகளையும் புதிதாக மாட்டினேன்.

"அந்தப் புள்ளைக்குக் கண்ணாலமா பண்ணி வைக்கிற?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

அதன்பின் ஞாயிறு காலை தவறாமல் கரடியூருக்குப் போனோம். மேடு வந்தால் அவள் இறங்கித் தள்ளுவாள். நான் முன்னால் போய்க் காத்திருப்பேன். மூச்சு வாங்க வந்து சேர்ந்து, வேகவைத்த கடலையை எடுத்து நீட்டுவாள். பனி விலகி, காப்பிச் செடிகள் தெரியத் தொடங்கும். இந்த வயதில் எனக்கு ஒரு தோழி கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பிறகு அவள் புருஷன் வீட்டையே லாட்ஜாக மாற்றினார். வேலையை விட்டாள். "இந்த வாரம் கெஸ்ட் வர்றாங்கக்கா" என்றாள். அடுத்த வாரமும் அதுவே. மழைக்காலம் முடிந்ததும், செயின் துருப்பிடித்திருக்கும், எண்ணெயாவது போட்டுவிட்டு வருவோம் என்று போனேன்.

லாட்ஜ் கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் நின்றது. சக்கரங்களைப் பாதிவரை சிமெண்டில் புதைத்திருந்தார்கள். செயின், ரிம், சீட் எல்லாவற்றிலும் மஞ்சள் பெயிண்ட். முன்னால் ஒரு கூடையில் பூந்தொட்டி. இரண்டு டூரிஸ்டுகள் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நொம்ப அழகா இருக்குதுங்களாக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"வேண்டாம்னா எங்கிட்டயே குடுத்திருக்கலாமே?"

அவள் முகம் மாறியது. "நீங்க எனக்குக் குடுத்ததுதானுங்களே?" என்றாள். கூடையிலிருந்த பூந்தொட்டியைத் திருப்பி வைத்தாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. எனக்கு அது மொதல்ல இருந்தே புடிக்கலீங்க. ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வந்தா தொடையெல்லாம் வலி. சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன், நீங்க சைக்கிளே செஞ்சு கொண்டாந்துட்டீங்க. உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் வந்தனுங்க."

காப்பி குடிக்கச் சொன்னாள். உட்கார்ந்து குடித்தேன். எண்ணெய் டப்பாவைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

அவள் பொய் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கடலை நீட்டிய அத்தனை காலையும் அவள் பொறுத்துக்கொண்ட காலைகளாகிவிட்டன. இப்போதும் கடைவீதியில் பார்த்தால், "சாப்பிட்டீங்களாக்கா?" என்பாள். "ஆச்சு" என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் கரடியூர் போகிறேன். மேட்டில் நிற்பதில்லை. போன மாதம் ஆபீசுக்குப் புதிதாக வந்த பெண் என் சைக்கிளைத் தொட்டுப் பார்த்து, "பழகறது கஷ்டமுங்களா?" என்று கேட்டாள்.

"கஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஏறிக் கிளம்பினேன்.