நிறைந்த கண்மாய்க்குக் கீழே தரிசு

பால்சாமிக்கு அருவருப்பு தாங்காவிட்டால் துப்பிவிடுவார். அந்த மூன்று வருடத்தில் துப்பியதைப்போல அவர் ஆயுசில் வேறெப்போதும் துப்பியதில்லை.

வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க்கு அவர்தான் நீர்பாய்ச்சி. மடைச் சாவி அவர் இடுப்பில் இருக்கும். வயல் வயலாகத் தண்ணீர் திருப்பிவிடுவார். அறுப்பின்போது ஏக்கருக்கு இவ்வளவென்று நெல் கூலியாக வரும். கடைமடையில் சொந்தமாக நாற்பது சென்ட்டும் இருந்தது. குடும்பம் அதில்தான் சாப்பிட்டது.

1991இல் நகரமைப்புக்காரர்கள் ஒரு திட்டம் போட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஊர் ராஜபாளையம் ரோட்டோடு வீங்கிக்கொண்டே போகிறது. இனி வீடு கட்டுவதென்றால் மேற்கே புஞ்சையில் கட்டு, கண்மாய்ப் பாசன நஞ்சையைத் தொடாதே என்றது திட்டம். பஞ்சாயத்து ஆபீசில் வாசிக்கக் கேட்ட பால்சாமி, அரசாங்கத்துக்கும் புத்தி இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார்.

ஆனால் அதே திட்டத்தில் ஒரு ஓட்டையும் இருந்தது. மூன்று வருடம் நீர்வரத்தின்றித் தரிசாகக் கிடந்த நஞ்சையை மனையாக மாற்றலாமாம். அதைக் கண்டுபிடித்தவர் சுந்தரபாண்டியன். ரிட்டையரான போலீஸ்காரர், பாசனக்காரர்களுக்குத் தலைவர், ரோட்டோரம் எட்டு ஏக்கர் நஞ்சைக்குச் சொந்தக்காரர்.

கண்மாய் நிறைந்ததும் மடையோரத்துச் சாமியான மடைக்கருப்பன் முன்னால் எல்லோரும் கூடி ஒப்புக்கொண்ட பிறகுதான் மடை திறப்பது வழக்கம். அந்தக் கார்த்திகையிலும் கூடினார்கள்.

“ஏலே பால்சாமி, இந்த வருசம் மடை தொறக்க வேண்டாம்னு முடிவாயிட்டு” என்றார் சுந்தரபாண்டியன்.

“கண்மா நெறஞ்சு மறுகால் பாயுதே மொதலாளி. என் நாப்பது சென்ட்டு என்னாவும்?”

“அதுவும் மனைக்குப் போவும்லே. பேசாமக் கெட.”

அரை மணி நேரத் தண்ணீருக்கு வருடா வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட கூட்டம் அது. இப்போது மனை விலை கண்ணில் பட்டதும் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. களவாணித்தனத்துக்கு மட்டும் எங்கிருந்துதான் இந்த ஒற்றுமை வருகிறதோ! சாமி முன்னால் நின்றுகொண்டே பால்சாமி துப்பினார்.

அடுத்த வருடமும் மடை திறக்கவில்லை. கண்மாய் நிரம்பி வழிந்த தண்ணீர் மறுகால் வழியாக வீணாகப் போனது. வயலெல்லாம் கருவேலஞ்செடி முளைத்தது. பால்சாமியின் மனைவி வெள்ளத்தாய் ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போனாள்.

“இவனுக மூஞ்சியப் பாத்தாலே கொமட்டுதுட்டி” என்றார் அவளிடம்.

மூன்றாம் கார்த்திகையிலும் மடை மூடியே கிடந்தது. இடத்தைப் பார்க்க அதிகாரி வருவதாகச் சேதி வந்தது. வருவதற்கு முந்தின நாள் காலையில், யாரையும் கேட்காமல், பால்சாமி மடைச் சாவியைத் திருகினார். கருப்பன் கோபித்தால் கோபிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் ஜீப் வந்து நின்றபோது வயலில் கணுக்கால் அளவு தண்ணீர். சுந்தரபாண்டியன் பால்சாமியை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். அதிகாரி ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டார், சளக் சளக்கென்று வரப்பு வரைக்கும் நடந்து போய்த் திரும்பினார். ஜீப் பானட்டில் வைத்து எழுதி, கிளார்க்கை வாசிக்கச் சொன்னார்.

“மூன்று வருடமாக நீர்வரத்து இல்லை. தரிசு.”

பால்சாமி முன்னால் வந்தார். “தண்ணியே இல்லன்னு எழுதியிருக்கீக. பொறவு ஷூவ எதுக்குய்யா கையில வச்சிருக்கீக?”

அதிகாரி வாய்க்காலில் இறங்கிச் சேற்றுக் காலை நன்றாக அலசினார், ஷூவை மாட்டிக்கொண்டார், ஜீப்பில் ஏறினார்.

பால்சாமிக்கு வாய் நிறைய எச்சில் ஊறியது. ஆனால் அந்த வாய்க்கால் தண்ணீர், மூன்று வருடம் கழித்து, அவருடைய நாற்பது சென்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. விழுங்கிக்கொண்டார்.