மகன் ஓட்டிய ஜீப்பு

இன்று போடிமெட்டு ஏறும் பஸ்சில் பக்கத்து சீட்டுப் பெண், "ஆத்தா, நீங்க ஜீப்பு வாத்தியாரோட அம்மாதான?" என்றாள்.

என் மகனைத்தான் சொல்கிறாள். எண்பதுகளில் பி.ஏ. முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை எஸ்டேட் ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டினான். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு அது பெரிய அவமானம். அதில் நான் ஏறவே இல்லை.

அவனோ ஜீப்பு நிறையும்வரை ஏலத்தோட்டப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். அந்த ருசியில் பி.எட். படித்து வாத்தியாராகிவிட்டான்.

"எங்கம்மா கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டது அந்த ஜீப்புலதான். நீங்க ஏன் ஆத்தா அதுல வரவே இல்ல?"

"மலையேறினா எனக்கு வாந்தி வரும் தாயி."

அன்று மகனிடமும் இதைத்தான் சொன்னேன். பாவம், நம்பிவிட்டான். இன்றும் பஸ் ஏற்றிவிடும்போது கையில் எலுமிச்சம்பழம் கொடுத்தான்.

இனியாவது உண்மையைச் சொல்லிவிடவா, பேசாமல் இத்தனை வருஷமாய் அவன் தரும் பழத்தையெல்லாம் சேர்த்து ஊறுகாய் போடவா? நீங்களே சொல்லுங்கள்.