டீ முடியும்வரை ஒரு சீட்

சென்னையிலிருந்து நெய்வேலி வருவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. ராமேஸ்வரம் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. பஜாரில் பைக் சீட் விற்கும் கடையில் நிற்கிறேன். இருப்பதிலேயே தடியான, மெத்தென்ற சீட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, "இதையே மாட்டிடுங்க" என்கிறேன்.

பிரேக் கேபிள் வாங்க வந்தவர் குறுக்கிடுகிறார். காலை ஷிப்ட் முடித்த யூனிஃபார்ம், சட்டையெல்லாம் கரி. மைன்ஸில் புல்டோசர் ஓட்டுகிறாராம்.

"கையால அமுக்கினா இன்னா தெரியும்? ஏறி உக்காந்துகினு ஒரு டீ குடிங்க."

கடைக்காரரும் சளைக்காமல் சீட்டை என் வண்டியில் வைத்து, டீயும் சொல்கிறார். பாதி டீயில் மெத்தை அமுங்கி, அடித்தகடு குத்துகிறது. அடுத்து புல்டோசர்காரர் கைகாட்டிய அகலமான, கெட்டியான சீட். அதில் இன்னொரு டீ முழுதாக முடிகிறது, இடுப்பிடமிருந்து ஒரு புகாரும் இல்லை. அதையே மாட்டச் சொல்கிறேன்.

"உங்க வண்டியிலயும் இதே சீட்டுதானா?"

"எட்டு மணி நேரம் உக்காந்துகினே இருந்தாச்சு. எனக்கு எதுக்குங்க சீட்டு?"

சிரித்தபடி வண்டியைக் கிளப்பியவர், ஃபுட்ரெஸ்டில் ஏறி நின்றுகொண்டே குவார்ட்டர்ஸ் பக்கம் போகிறார்.