வாய் முன்னே, குரல் பின்னே

வில்லியனூர் கடைத்தெருவில் ஒரே ஷட்டருக்குள் இரண்டு கடை. வாசல் பக்கம் என்னுடைய ஃப்ளெக்ஸ் பேனர் கடை. உள்பக்கம், பிளைவுட் வைத்துத் தடுத்த இடத்தில் சகாயராணியின் வீடியோ எடிட்டிங். கரண்ட் போனால் இரண்டு பேரும் சேர்ந்து திட்டுவோம். என் பெயர் அன்புராஜ். என்னைப் பற்றி இவ்வளவு போதும். மீதியெல்லாம் அவளைப் பற்றித்தான்.

சகாயராணிக்கு நாற்பதை நெருங்கும் வயது. பன்னிரண்டாவது முடித்ததும் புதுச்சேரியில் ஒரு ஸ்டுடியோவுக்கு ஆல்பம் ஒட்டப் போனாள். பக்கத்து நாற்காலியில் எடிட்டிங் செய்தவரைப் பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டாள். இந்த வட்டாரத்தில் யார் யாருக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பது பங்குச் சாமியாரைவிட முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். குரூப் போட்டோவில் யார் முகத்தைத் திருப்புகிறார்கள் என்று மெதுவாக ஓட்டிப் பார்க்கிற தொழில் அல்லவா. ஆனால் ஒரு வார்த்தை வெளியே விட மாட்டாள். நான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். அவளிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். கம்ப்யூட்டரில் என்ன அறிவிப்பு முளைத்தாலும் படிக்காமல் 'சரி' என்று அழுத்திவிடுவாள். நம்மில் யார்தான் படிக்கிறோம், அதுவும் உண்மைதான்.

அந்தப் பழக்கம் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது மரிய செலின் கல்யாணத்தில்.

செலினுக்குத் திக்குவாய். சின்ன வயதிலிருந்தே. மாப்பிள்ளை அமல்தாஸ் பாகூர்க்காரர். காலையில் எங்கள் பக்கத்து மாதா கோயிலில் திருமணம், சாயங்காலம் பாகூர் மண்டபத்தில் வரவேற்பு. காலையில் எடுத்ததை அன்றைக்கே வெட்டி ஒட்டி, வரவேற்பில் பெரிய திரையில் போட வேண்டும். இப்போது எல்லாருக்கும் இந்த மோகம் பிடித்திருக்கிறது. செலின் வீட்டுக்கு மட்டும் அது மோகம் இல்லை. மாப்பிள்ளையின் சொந்தத்தில் பாதிப் பேர் கோயிலுக்கு வரவில்லை. 'பொண்ணுக்குப் பேச்சே வராதாமே' என்று அங்கே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் அத்தனை பேரும் சாயங்காலம் வருவார்கள். செலின் தன் வாயால் வாக்குக் கொடுத்ததை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

பூசை முடிந்து வெளியே வரும்போது மெமரி கார்டு வாங்க வாசலில் நின்ற சகாயராணியின் கையைச் செலினே பிடித்துக்கொண்டு சொன்னாளாம், நிறுத்தி நிதானமாக. "அக்கா, நான் திக்கல. ஒரு எடத்துலயும் திக்கல. அத மட்டும் நல்லா போட்டுடு."

அந்த இடத்தில்தான் வினை. வாக்குக் கொடுக்கிற நேரத்தில் பட்டுச் சட்டை போட்ட ஒரு மாமா எழுந்து, தன் போனில் படமெடுக்க கேமராமேன் ஹரிஹரனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். நம் கேமராவில் குரல் இருக்கிறது, படம் முழுக்க மாமாவின் முதுகு. அந்த மாமாவை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. நல்ல வேளை, செலினின் தங்கை ஓரத்துத் தூணருகே உட்கார்ந்து தன் போனில் எடுத்திருந்தாள். அதில் செலின், அமல்தாஸ், சாமியார் மூன்று பேரும் தெளிவாக இருந்தார்கள்.

முக்கியமானது அதுதான் என்று சகாயராணி அந்தப் போன் வீடியோவை முதலில் இழுத்துப் போட்டாள். 'இதன் ஃபிரேம் ரேட் உங்கள் புராஜெக்டோடு பொருந்தவில்லை, மாற்றவா?' என்று ஒரு கட்டம் முளைத்தது. வழக்கம்போல 'சரி'. அதற்கு மேல் மத்தியானம் வரை உட்கார்ந்து ஊர்வலம், பூசை, மோதிரம், மாலை என்று எல்லாவற்றையும் கோத்து முடித்தாள். முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். கல்யாணக் கார் வெட்டி வெட்டி நகர்ந்தது.

"அண்ணா, இங்க வாங்களேன்" என்றாள். குரலே சரியில்லை.

நான் போய் நின்றேன். செலின் வாக்குச் சொல்லும் இடத்தை ஓட்டினாள். செலினின் உதடு அசைகிறது, குரல் வரவில்லை. உதடு நின்ற பிறகு குரல் வருகிறது. பார்த்தால் அச்சு அசலாகத் திக்குகிற மாதிரியே இருந்தது. 

விஷயம் இதுதான். ஃபிரேம் ரேட் என்றால் நொடிக்கு எத்தனை படம் என்கிற கணக்கு. ஹரிஹரனின் கேமரா நொடிக்கு இருபத்தைந்து படம் எடுக்கிறது. போன் முப்பது எடுக்கும், அதுவும் ஒரே சீராக இல்லை. கோயிலுக்குள் வெளிச்சம் குறைந்தால் அதுவும் குறைத்துக்கொள்ளும். இவள் 'சரி' என்றதும் மொத்தமும் முப்பதுக்கு மாறிவிட்டது. கேமரா படங்கள் எண்ணிக்கை பற்றாமல் தடுக்கின. போன் படமோ சீராக முப்பது இருப்பதாக நினைத்துக்கொண்டு வேகமாக ஓடிற்று. குரல் தன் வேகத்தில் பின்னால் வந்தது. வீடியோ ஓட ஓட இடைவெளி கூடிக்கொண்டே போனது.

"பழையபடி இருபத்தஞ்சுக்கு மாத்திடேன்."

"மாத்த முடியாதுண்ணா. ஒரு தடவ கிளிப்பு போட்டுட்டா அந்தக் கணக்கு பூட்டிக்கும். மொதல்லேர்ந்து புதுசா தான் போடணும்."

அந்த நேரம் பார்த்து ஞானசுந்தரி உள்ளே வந்தார், செலினின் அம்மா. கையில் பூப்பை, வெளியே வேன் காத்திருந்தது. திரையில் மகளின் உதடு முன்னால் போக, குரல் பின்னால் வருவதைப் பார்த்துவிட்டார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"கோயில்ல நான் அழுதுக்கினே இருந்தேன், சரியா கவனிக்கல. திக்கித்தான் இருக்கா" என்றார். "இத வெட்டிடும்மா. பூவக் காட்டு, மாதாவக் காட்டு, எதையாவது காட்டு. இது வேணாம்."

"அம்மா, இது மெஷினு பண்ற தப்பு. உங்க பொண்ணு திக்கல. சரி பண்ணிக் காட்றேன்" என்றாள் சகாயராணி.

அப்போது பார்லரிலிருந்து செலின் அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டாள், சகாயராணியிடம் பேச. ஞானசுந்தரி ஸ்பீக்கரில் போட்டார். "அக்கா, வீ... வீ..." என்று குரல் வந்தது.

"வீடியோ ரெடியான்னு கேக்கறா" என்றார் ஞானசுந்தரி. மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. அந்த அம்மா எப்போதும் இப்படித்தான். மகள் ஒரு எழுத்தைத் தொட்டால் போதும், மீதியை இவர் சொல்லி முடித்துவிடுவார். பாசம்தான், யார் இல்லை என்றது. பார்க்கிற எனக்குத்தான் எரிச்சலாக இருக்கும்.

அவர் போன பிறகு சகாயராணி போன் வீடியோவை முதலில் தனியாக ஒரு கன்வெர்ட்டரில் போட்டு, சீரான இருபத்தைந்தாக மாற்றினாள். எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிற அந்தப் பட்டை நகர்ந்த அழகை நான் சொல்லி மாளாது. பிறகு புதிய புராஜெக்ட், இருபத்தைந்து. மறுபடியும் ஒரு கட்டம் முளைத்தது. இந்த முறை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் கையை வைத்தாள். ஹரிஹரன் மண்டபத்திலிருந்து போன்மேல் போன் போட்டான். கூட்டம் வந்துவிட்டது, திரை காலியாக நிற்கிறது என்றான். அவள் எடுக்கவில்லை, நான்தான் எடுத்துத் திட்டு வாங்கினேன். காலையிலிருந்து கோத்ததை எல்லாம் மறுபடி கோத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஓட்டினாள். கார் வழுக்கிக்கொண்டு வந்தது. செலின் வாக்குச் சொன்னாள். உதட்டின் மேலேயே குரல் உட்கார்ந்திருந்தது. 'இன்பத்திலும் துன்பத்திலும்' சுத்தமாக வந்தது. எனக்கு மூச்சு வந்தது. அடுத்து 'பிரமாணிக்கமாய்', அதாவது விசுவாசமாய், என்று சொல்ல வேண்டும். செலினின் உதடு ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது. சத்தம் இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகுதான் அந்த வார்த்தை வந்தது.

"இன்னும் தப்பு இருக்குது" என்றேன்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். கேமராவில் பதிவான குரலை எடுத்துப் போனின் குரலுக்குக் கீழே வைத்தாள். இரண்டிலும் அதே இடத்தில், அதே அளவு அமைதி. இரண்டு மெஷின் சேர்ந்து ஒரே இடத்தில் தப்புப் பண்ணாது. இது மெஷின் இல்லை, செலின்தான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. 'உங்க பொண்ணு திக்கல' என்று அந்த அம்மாவுக்கு இவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"வெட்டிடு. ஒரு நிமிஷ வேல. பூவப் போட்டு மூடிட்டு, குரல இழுத்து ஒட்டிடு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

அவள் பூங்கொத்து ஷாட் ஒன்றை எடுத்து வைத்தாள். எங்கே வெட்டுவது என்று பார்க்க அந்த அமைதியை ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். நகர்த்தியவள் நின்றாள். "அண்ணா, மாப்ளையப் பாருங்க."

செலின் நின்றதும் சாமியார் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, வார்த்தையை எடுத்துக் கொடுக்க வாயைத் திறக்கிறார். அமல்தாஸின் வலது கை செலினின் கையைப் பிடித்திருக்கிறது. இடது கை இடுப்பு உயரத்துக்கு மெதுவாக எழுகிறது, சாமியாரைப் பார்த்து. கொஞ்சம் பொறுங்கள், என்கிற மாதிரி. முகம் செலினைவிட்டு நகரவே இல்லை. சாமியார் வாயை மூடிக்கொள்கிறார். அப்புறம் செலின் சொல்கிறாள்.

"வெட்டினா இதுவும் போவுமே" என்றாள் சகாயராணி.

"அந்தம்மா உன்ன உண்டு இல்லன்னு பண்ணிடும். உனக்கு இன்னாத்துக்கு வம்பு?"

அவள் பூங்கொத்தைத் தூக்கி எடுத்தாள். செலினுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. வீடியோவை ஹார்ட் டிஸ்கில் ஏற்றி என் வண்டியின் பின்னால் உட்கார்ந்தாள். எம்பலம் வழியாகப் பாகூருக்கு விரட்டினேன். எனக்கு உள்ளுக்குள் பயம்தான், மறைப்பானேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. வீடியோ ஓடியது. வாக்குச் சொல்லும் இடம் வந்தது. பெரிய திரையில் செலினின் உதடு அவ்வளவு பெரிதாக ஒட்டிக்கொண்டு நின்றது. முன்வரிசையில் யாரோ 'பிரமாணிக்கம்' என்று முணுமுணுத்தார்கள், பின்னால் ஒருவர் சிரித்தார். ஞானசுந்தரி திரும்பி எங்கள் பக்கம் பார்த்த பார்வையை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். சகாயராணி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் அந்த இடது கை எழுந்தது. சிரித்தவர் நிறுத்திக்கொண்டார். மண்டபமே காத்திருந்தது. வார்த்தை வந்தது.

கைதட்டல் எல்லாம் ஒன்றும் இல்லை. திரையில் அடுத்து மாலை மாற்றினார்கள், கூட்டம் பழையபடி பேச ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் செலின் மேடையைவிட்டு இறங்கி நேராக எங்களிடம் வந்தாள். பின்னாலேயே ஞானசுந்தரி, கோபத்தோடு. சகாயராணி எழுந்து நின்றாள்.

"அக்கா, நான் திக்கியிருக்கேன்" என்றாள் செலின். "எனக்குத் தெரியவே இல்ல. யாரும் எடுத்துக் குடுக்கல. அதனால திக்கலன்னே நெனச்சிக்கினேன்."

சகாயராணி "மன்னிச்சுக்கடி, கேட்டுட்டு வெச்சிருக்கணும்" என்றாள்.

செலின் தலையை ஆட்டி மறுத்தாள். "நல்லா... ப... ப..." என்று நின்றாள். நான் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். சகாயராணி என் காலை மிதித்தாள். ஞானசுந்தரி முன்னால் வந்து வாயைத் திறந்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். திறந்த வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, அப்படியே நின்றார்.

"பண்ணியிருக்கக்கா" என்று செலின் சொல்லி முடிக்கும் வரை அவர் பேசவில்லை.