நூர் நிஷா பேசிய ஜெர்மன் படம்

நூர் நிஷாவுக்கு ஜெர்மன் தெரியாது. இங்கிலீஷ், ரயில் டிக்கெட் வாங்கும் அளவுக்குத் தெரியும். ஆனாலும் தாராவியில் அந்த ஜெர்மன் படத்தைப் பார்த்த பெண்களிடம் போய், படத்தில் அவ்வளவு நன்றாகப் பேசியது யார் என்று கேட்டால் நூர் நிஷா என்றுதான் சொல்வார்கள். நடித்தவளின் பெயர் அவர்களில் ஒருத்திக்கும் நினைவில்லை. இதை நிஷாவிடம் சொன்னால் மறுக்கமாட்டாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "அப்படித்தான் இருக்கும்" என்பாள். அடக்கம் அவளுக்கு ஒத்துவராத சரக்கு.

பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில்தான். வாப்பா கடையநல்லூரிலிருந்து தோல் வேலைக்கு வந்தவர். நிஷாவின் படிப்பு ஏழாவதோடு நின்றது. கணவர் முகைதீன் நல்ல மனுஷர், ஆனால் வீட்டில் அதிகம் பேசமாட்டார். பேச வாய்ப்புக் கிடைத்ததில்லை என்பது அவர் தரப்பு.

நிஷா வேலை செய்வது ஸ்கூல் பை தைக்கும் ஒரு பட்டறையில், அந்தப் பக்கத்துப் பேச்சில் கார்கானா. வேலை நேரத்தில் செல்போன் கூடாது என்று முதலாளி சட்டம் போட்டுவிட்டதால், பெண்களுக்குப் பொழுது போவது நிஷாவின் வாயை வைத்துத்தான். முந்தின நாள் சீரியல், இந்திப் படம், பக்கத்துச் சந்துச் சண்டை, எதுவானாலும் சரி. 'அவள் சொன்னாள், இவன் கேட்டான்' என்று சொல்லும் வழக்கமே அவளிடம் கிடையாது. மாமியார் வந்தால் மாமியாராகவே பேசுவாள், போலீஸ்காரன் வந்தால் போலீஸ்காரனாகவே அதட்டுவாள். அத்தனை தையல் மெஷின் சத்தத்துக்கும் மேலே அந்தக் குரல் கேட்கும்.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. கதையில் யாராவது கதவைச் சாத்தினாலோ, சட்டைப் பொத்தானில் கை வைத்தாலோ, நிஷா அதோடு நிறுத்தி, "கரண்டு போயிருச்சு" என்பாள். பெண்கள் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். கொஞ்சம் கழித்து, "வந்துருச்சு" என்றால் கதையில் மறுநாள் காலை விடிந்திருக்கும். கல்யாணமாகாத பிள்ளைகளும் உட்கார்ந்து தைக்கும் இடம் என்று இந்த ஏற்பாட்டைச் செய்தவள் சண்முகவடிவு. அவள்தான் கார்கானாவின் மேஸ்திரி. தையல் கோணினால் பிரித்து மூஞ்சியில் எறிவாள். மூன்று வருஷத்துக்கு முன் அம்மாவுக்குச் சுகமில்லை என்று ஊருக்குப் போய், இரண்டு மாதம் கழித்து இளைத்துப்போய்த் திரும்பி வந்த பிறகு கண்டிப்பு இன்னும் கூடியது. அவள் எழுந்தால் மற்றவர்கள் எழுவார்கள், உட்கார்ந்தால் உட்காருவார்கள்.

இந்தக் கார்கானாவுக்கு ஒருநாள், தாராவியை அடுத்த மாட்டுங்காவிலிருந்து ஷ்ருதி என்ற பெண் வந்தாள். 'இப்போதைய ஜெர்மன் சினிமாவில் பெண்களின் பார்வை' என்று ஒரு விழா நடத்துகிறார்களே, அந்த ஆபீசில் வேலை. பெரிய தியேட்டர்களில் காட்டுவதோடு, போன வருஷம் தாராவி சமூகக்கூடத்திலும் ஒரு படம் போட்டார்கள். திரையின் அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. அரைமணி நேரத்தில் பெண்கள் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இந்த வருஷமும் கூடம் காலியானால் தாராவியை விட்டுவிடலாம் என்பது மேலிடத்து முடிவு.

"படத்தக் குத்தஞ் சொல்லாதீங்க," என்றாள் வடிவு. "எங்காளுகளுக்கு வாசிக்கத்தான் வராது, கேக்கத் தெரியும். இந்தா இருக்கா பாருங்க, இவ கையில மைக்கக் குடுங்க."

நிஷாவுக்குத் தலை கிறுகிறுத்தது, சந்தோஷத்தில்தான். "கடைசி வரைக்கும் ஒருத்தியும் எந்திரிக்க மாட்டா. என் பொறுப்பு," என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். சாயங்காலம் முகைதீன் அதை டீக்கடையில் சொன்னார். அதற்குப் பிறகு பின்வாங்க வழியே இல்லாமல் போயிற்று.

மாட்டுங்காவில் ஷ்ருதியின் வீட்டு ஹாலில், லேப்டாப்பில் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அறுபதை நெருங்கும் ஒருத்தி, பஸ் ஓட்டுபவள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வருகிறாள். வந்ததிலிருந்து கணவனோடு சண்டை, டெப்போவில் சண்டை, டாக்டரோடும் சண்டை. நிஷாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஷ்ருதி ஒவ்வொரு வரியாக அர்த்தம் சொல்லச் சொல்ல, நிஷா அதைத் தாராவித் தமிழில் போட்டு வாய்க்குள் உருட்டிக்கொண்டாள்.

பாதிப் படத்தில் அந்தப் பெண் குளியலறைக் கண்ணாடிக்கு முன் நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றுவாள். முதல் நாள் சரியாக அந்த இடத்தில் ஷ்ருதியின் அப்பா சங்கரன் பேப்பர் எடுக்க ஹாலுக்குள் வந்துவிட்டார். ஷ்ருதி பதறிப்போய்ப் படத்தை முன்னால் ஓட்டினாள்.

"அங்க டயலாக் ஒண்ணும் கிடையாது ஆன்ட்டி. வெறும் மியூசிக்தான்."

நிஷா தனக்குப் புரிந்ததைப் புரிந்துகொண்டாள். அடுத்த தடவைகளில் அப்பா வரவில்லை. ஆனாலும் ஷ்ருதியின் விரல் அதே இடத்தில் தானாகவே ஓட்டியது. என்ன ஆபரேஷன் என்று நிஷா கேட்கவும் இல்லை. அந்த வயதில் கர்ப்பப்பையைத்தானே எடுப்பார்கள் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள்.

படம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கூடத்தில் பெண்களும் அவர்களோடு வந்த குழந்தைகளும் மட்டும்தான். கார்கானாவே திரண்டு வந்திருந்தது. படத்தை எடுத்த காட்ரின் என்ற ஜெர்மன்காரி முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நிஷா திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்றாள். பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது.

"ஏறுதீரா, இல்ல வழியில நின்னு நாத்து நடுதீரா?"

கூடம் சிரித்தது. அவ்வளவுதான், ஜெர்மனி காணாமல் போய்விட்டது. பஸ்காரி தொண்ணூறடி ரோட்டுக்காரி ஆகிவிட்டாள். அவள் கணவனை ஒரு வாங்கு வாங்கியபோது பின்வரிசையிலிருந்து, "இன்னும் நல்லாக் கேளு" என்று குரல் வந்தது. போன வருஷம் எல்லாரும் எழுந்து போன அரைமணி நேரம் தாண்டியதை நிஷா கடிகாரத்தில் பார்த்துக்கொண்டாள். நெஞ்சு நிமிர்ந்தது. நான் யாரு என்ற எண்ணம் வந்தது. வரத்தானே செய்யும்.

அப்போது அந்தப் பெண் கண்ணாடி முன் வந்து நின்று பொத்தானைக் கழற்றினாள். நிஷா திரையைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே, கார்கானாவில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டாள்.

"கரண்டு போயிருச்சு."

கூடம் அதிர்ந்தது. வடிவுகூட வாய்விட்டுச் சிரித்தாள். காட்ரின் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைக் கண்டு நிஷா திரையின் பக்கம் திரும்பினாள்.

அந்தப் பெண்ணுக்கு இடது மார்பு இல்லை. அந்த இடத்தில் அக்குள்வரை ஒரு தழும்பு மட்டும் ஓடியது. அவள் அதை முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. கடைசியில் குழந்தைகளின் சத்தம் மட்டும்தான் மிச்சம்.

பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. வடிவு எழுந்திருந்தாள். வடிவு போனால் கார்கானா போகும், கார்கானா போனால் கூடம் போகும், நிஷா கொடுத்த வாக்கும் போகும். நாலு பெண்கள் அதற்குள் பையைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

வடிவு வாசலுக்குப் போகவில்லை. நடுவழியாக முன்னால் வந்து, திரைக்குக் கீழே வெறும் தரையில் உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்தாள்.

படத்தில் பேச்சு இல்லை. அந்த இடத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நிஷாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. அவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"கரண்டு வந்துருச்சு. எல்லாரும் பாருங்க. கண்ண மூடாதீங்க." பிறகு பஸ்காரியின் குரலில், மெதுவாக, "என் ஒடம்புதான் இது. வேற யாரு ஒடம்பு? கொஞ்சத்தக் குடுத்துட்டு உசுர வாங்கியிருக்கேன். நான் ஒண்ணும் ஏமாறல."

மௌனமாக விட்ட இடத்தில் பேசியது தப்பு என்று சினிமா தெரிந்தவர்கள் சொல்லலாம். சொல்லிவிட்டுப் போகட்டும். பையை எடுத்த பெண்கள் அதைத் திரும்பக் கீழே வைத்தார்கள். பஸ்காரி ஏரித் தண்ணீரில் இறங்கி நீந்தும் கடைசிக் காட்சிவரை கூடம் அசையவில்லை.

விளக்கு எரிந்ததும் காட்ரின் மேடையேறினாள். அவள் கேட்டதை ஷ்ருதி தமிழில் சொன்னாள்: "கண்ணாடி சீன்ல ஏன் எல்லாரும் சிரிச்சீங்கன்னு கேக்கறா. கோபமில்லையாம், தெரிஞ்சுக்கணுமாம்."

நிஷா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தரையிலிருந்து எழுந்த வடிவு அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"நான் சொல்லுதேன். நீ அத மைக்குல சொல்லு," என்று காதோடு காதாகப் பேசினாள்.

முதல் வார்த்தைகளைக் கேட்டதுமே நிஷாவின் கை இறங்கிவிட்டது. இவ்வளவு காலமும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள். எல்லார் வீட்டுக் கதையும் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை. இதைச் சொல்ல அவளால் முடியும், தாராவியில் அவளைவிட நன்றாகச் சொல்ல யாரும் கிடையாது. அது அவளுக்கே தெரியும். ஆனாலும் மைக்கை வடிவின் கையில் வைத்தாள்.

"இது என் வாயால வரக்கூடாதுக்கா. நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்."

வடிவு மைக்கை ஒரு கையால் பிடித்து வாயோடு ஒட்டிக்கொண்டாள். அது கீச்சிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

"வாய்விட்டுச் சிரிச்சதுல நானும் உண்டு. எங்கம்மைக்குச் சொகமில்லன்னு போனேம்லா, அது பொய். நான் ஆஸ்பத்திரியில கெடந்தேன். எனக்கும் எடுத்தாச்சு. இந்தா, இந்தப் பக்கம்." சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்திருந்த கையை எடுத்தாள். "எம் மருமவளுக்குக்கூடத் தெரியாது. இன்னைக்கு அந்தப் பொம்பளையப் பாத்த பொறவு, நான் ஏன் ஒளிக்கணும்னு இருக்கு."

நிஷா தரையில் உட்கார்ந்தாள். பேச்சு இன்னொருத்தியுடையதாக இருக்க, அவள் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பது இதுதான் முதல் தடவை. கண்ணீர் வந்தது. தான் பேசி முடித்தபோது வந்த பெருமையைவிடப் பெரிய பெருமையும் வந்தது. இவங்க எங்க வடிவக்கா என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள், அவளும் அதே கார்கானாக்காரி என்பதை மறந்து.

ஷ்ருதி இங்கிலீஷில் சொல்ல மறந்து நின்றாள். காட்ரினும் என்னவென்று அவளிடம் கேட்கவில்லை. வடிவு சொல்லிக்கொண்டே போனாள். அடுப்பில் ஏற்ற வேண்டிய உலையும் வீட்டு ஆண்கள் திரும்பும் நேரமும் எல்லாருக்கும் நினைவிருந்தும் ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை.