உள்ளூர்க்காரன் பிடிக்கும் பந்து

என் தம்பி ரோயியின் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் அந்தக் கடைசிப் பெனால்டியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அது எனக்குப் பிடிப்பதில்லை. மீன் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள் நான். முதலில் தலையை வெட்ட வேண்டும், பிறகுதான் முள்ளை எடுக்க வேண்டும். அதனால் நான் வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் சாண்ட்வோவர், வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளின் மேற்குக் கரையில் இருக்கிறது. கால்பந்துத் திடலுக்கு ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். இரண்டுக்கும் நடுவே காற்று குடியிருக்கிறது. பெனால்டி அடிக்கப் பந்தை வைத்தால் அது வைத்த இடத்தில் நிற்காது. ஆகவே இன்னொரு ஆட்டக்காரர் தரையில் படுத்து, விரல் நுனியால் பந்தை மேலிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்வார். பெனால்டி எந்த அணிக்குக் கிடைத்தாலும் சரி, பிடிப்பது உள்ளூர்க்காரன்தான். காற்று நம்முடையது, அதற்காக விருந்தாளி கஷ்டப்படக் கூடாது என்பது எங்கள் வழக்கம்.

பிடிப்பவனுக்கு நெஞ்சுத் துணிவு வேண்டும். ஓடி வருகிறவனின் பூட்ஸ் அவன் மூக்கை உரசிக்கொண்டு போகும். பலர் கடைசி நொடியில் விரலை இழுத்துவிடுவார்கள், பந்து நகர்ந்துவிடும். ரோயி இழுக்க மாட்டான். கண்ணையும் மூட மாட்டான். பள்ளிக்கூட அணியில் விளையாட இடம் கிடைக்காத காலத்திலேயே பந்து பிடிக்க மட்டும் அவனைக் கூப்பிடுவார்கள். அவனுடைய ஆள்காட்டி விரல் இருமுறை உடைந்து சற்றே கோணலாகிவிட்டது. பிறகு விடாமல் பயிற்சி செய்து இடதுபக்கத் தடுப்பாட்டக்காரன் ஆனான். பகலெல்லாம் சால்மன் மீன் பண்ணைப் படகில் வேலை, மாலையில் திடல். சுமாராகத்தான் ஆடுவான். அக்கா என்பதற்காக நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் படுப்பதில் அவனை மிஞ்ச இந்தத் தீவுகளில் ஆள் கிடையாது.

அந்த ஆண்டு எங்கள் அணி நாட்டுக் கோப்பையை வென்றது. ஐரோப்பாவில் கோப்பை வென்ற அணிகள் மோதும் போட்டியில் முதல்முறையாக எங்களுக்கும் இடம் கிடைத்தது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு ஆட்டங்கள். ஒன்று அவர்கள் ஊரில், ஒன்று நம் ஊரில். இரண்டின் கோல்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டல் சமமாக இருந்தால், வெளியூரில் அதிக கோல் போட்டவர்கள் மேலே போவார்கள். தோற்றவர்களுக்கு அந்த ஆண்டு அதோடு சரி. முதல் சுற்றில் எங்களுக்கு மால்டா தீவின் அணி வாய்த்தது.

அங்கே நடந்த ஆட்டத்தைத் தொழிற்சாலையில் வேலையை நிறுத்திவிட்டு வானொலியில் கேட்டோம். அங்கே இலைகூட அசையவில்லை, வெயில் கொளுத்துகிறது என்றார் வர்ணனையாளர். அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். இரண்டாம் பாதியில் எங்களுக்கு ஒரு பெனால்டி. நாங்கள் கத்திகளைக் கீழே போட்டுவிட்டு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

"ஹேயின் பந்தை வைக்கிறார். நடுவர் விசில் ஊதிவிட்டார். ஹேயின் ஓடி... இருங்கள், ரோயி! ரோயி எங்கே ஓடுகிறார்? அடக் கடவுளே, ரோயி படுத்துவிட்டார்!"

ஒரு காற்றும் இல்லாத ஊரில், பழக்க தோஷத்தில், என் தம்பி பெனால்டி எல்லைக்குள் ஓடிப்போய்ப் பந்தின் மேல் விரலை வைத்துப் படுத்திருக்கிறான். ஹேயினும் பழக்க தோஷத்தில் அடித்துவிட்டான். பந்து வலைக்குள் போய்விட்டது. ஆனால் அடிப்பவரையும் கோல்காப்பாளரையும் தவிர வேறு யாரும் எல்லைக்குள் இருக்கக் கூடாது அல்லவா? கோல் செல்லாது என்றார் நடுவர். ரோயிக்கு மஞ்சள் அட்டை. மறுபடி அடிக்கும்போது ஹேயின் பந்தைக் கம்பத்துக்கு மேலே அனுப்பினான். ஒன்றுக்கு பூஜ்யம், தோல்வி.

"உன் தம்பி அங்க போய் தூங்கிட்டானே, மாரியுன்!" என்றாள் என் பக்கத்து மேசை பிர்கித்.

"வெயில் அடிச்சா யாருக்கும் தூக்கம் வரும்" என்றேன். வேறு என்ன சொல்ல?

திரும்பி வந்தவனை ஊர் சும்மா விடவில்லை. படகுத்துறையில் அவன் நடந்தால் யாராவது தரையில் நீட்டிப் படுத்துக் காட்டுவார்கள். கடைக்குப் போனால், "ரோயி, இந்த முட்டைய கொஞ்சம் பிடிச்சுக்கடா, உருண்டுடும்!" என்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது தட்டில் இருந்த உருளைக்கிழங்கைத் தொடவே இல்லை.

"அக்கா, நம்ம திடல்ல ஜெயிச்சு மேல போனா சரி. இல்லன்னா நான் பூட்ஸை கழட்டிடுறேன். ஆயுசுக்கும் இந்தப் பேச்சை கேட்டுக்கிட்டு என்னால ஆட முடியாது."

"கிறுக்கா, முதல்ல சாப்பிடு" என்றேன். ஆனால் அவன் சொன்னால் செய்துவிடுவான் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் ஆட்டத்தன்று காலையில் நடுவர் திடலைச் சுற்றிப் பார்க்க வந்தார். அவர் தொப்பியைக் காற்று பிடுங்கிக் கடலில் போட்டது. பயிற்சியாளர் டோன்யால் எங்கள் வழக்கத்தை விளக்கினார். நடுவர் பந்தைப் புள்ளியில் வைத்தார், அது உருண்டது. மறுபடி வைத்தார், மறுபடி உருண்டது. இரண்டு அணித் தலைவர்களையும் கூப்பிட்டு, "பந்து நிற்காவிட்டால் உள்ளூர் அணியில் ஒருவர் பிடிக்கலாம், இரண்டு பக்கத்துக்கும்" என்று முடிவு செய்தார். இருவரும் தலையாட்டினார்கள்.

எங்கள் ஊரில் ஆட்டத்தைக் காருக்குள் உட்கார்ந்துதான் பார்ப்போம். திடலைச் சுற்றிக் கார்களை நிறுத்தி, வெளிச்சத்துக்கு விளக்கையும் போட்டுக்கொண்டு, கோல் விழுந்தால் எல்லோரும் ஹாரன் அடிப்போம். அன்று பக்கத்து ஊர்க் கார்களும் வந்து மலைச்சரிவு வரை நின்றன. என் காரில் பிர்கித்தும் இருந்தாள், பிளாஸ்கில் காபியோடு.

ஆரம்பித்த சூட்டிலேயே ஒரு கார்னரைக் காற்று வளைத்துக் கொடுத்தது, ஹேயின் தலையால் முட்டினான், கோல்! ஹாரன் சத்தத்தில் மலைமேல் மேய்ந்த ஆடுகள் சிதறி ஓடின. கணக்கு சமம். இரண்டாம் பாதியில் எங்களுக்குப் பெனால்டி. ரோயி போய்ப் படுத்தான். மால்டாக்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஹேயினின் பூட்ஸ் அவன் காதோரம் பறந்தது. இரண்டாவது கோல்! பிர்கித் காபியை என் மடியில் கொட்டினாள். எனக்குச் சுடவே இல்லை.

இப்படியே முடிந்தால் நாங்கள் மேலே. ஆனால் மால்டா ஒரு கோல் போட்டுவிட்டால் கூட்டல் சமமாகும், வெளியூர் கோல் கணக்கில் அவர்கள் போய்விடுவார்கள். கடைசி நிமிடங்களில் அதுவே வந்தது. எங்கள் ஆள் ஒருவன் கையில் பந்து பட்டது. நடுவர் புள்ளியைக் காட்டினார்.

அவர்களுடைய முன்னாட்டக்காரர் சென்சு பந்தை வைத்தார். அது உருண்டது. நடுவர் ரோயியைப் பார்த்தார்.

கார் கண்ணாடிகள் எல்லாம் இறங்கின. "போகாதடா ரோயி! அவனே பிடிச்சு அவனே அடிக்கட்டும்!"

"ஒழுங்கா பிடிக்காத! லேசா விட்டுடு!"

"உன் தம்பிக்கு மூளை இருந்தா கால் சுளுக்கிக்கிச்சுன்னு உக்காந்துடுவான்" என்றாள் பிர்கித்.

"மூளையெல்லாம் இருக்கு. சுளுக்குதான் இல்ல" என்றேன். என் கை ஸ்டியரிங்கை நெரித்துக்கொண்டிருந்தது.

ரோயி யாரையும் பார்க்கவில்லை. நடந்து போய், காற்று வரும் பக்கம் உடம்பைக் கொடுத்துப் படுத்து, கோணல் விரலைப் பந்தின்மேல் வைத்தான். ஹேயினுக்கு எப்படிப் பிடிப்பானோ அப்படியேதான் பிடித்தான், மயிரிழை வித்தியாசம் இல்லை. பந்து ஆணி அடித்ததுபோல் நின்றது. சென்சு ஓடி வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். அந்த விரலைக் காட்டி ஏதோ சொன்னார். ரோயி தலையைத் தூக்காமல், 'அடி' என்று இடது கையால் சைகை காட்டினான்.

சென்சு அடித்தார். நன்றாகவே அடித்தார். எங்கள் கோல்காப்பாளர் ஓசுர் பாய்ந்தான், பந்து அவன் முழங்காலில் பட்டு நேராகத் திரும்பி வந்தது. ஓசுர் தரையில் கிடக்கிறான். கோல் திறந்த வாசலாக இருக்கிறது. சென்சு மறுபடி காலைத் தூக்கிவிட்டார். மற்ற எல்லோரும் எல்லைக்கு வெளியே. உள்ளே இருந்தது ஒரே ஒருவன், தரையில் படுத்திருந்த என் தம்பி!

அவன் எழுந்திருக்கக்கூட இல்லை. கிடந்த இடத்திலிருந்தே மீன் துள்ளுவதுபோல் துள்ளிப் பந்துக்கும் கோலுக்கும் நடுவில் நெஞ்சைக் கொண்டுபோனான். பந்து அவன்மேல் மோதித் தெறித்தது. அடுத்த நொடி எழுந்து ஓங்கி ஓர் உதை. கார்களுக்கு மேலே, சுவருக்கு மேலே, கடலுக்குள்!

மால்டாக்காரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பிடிக்க வந்தவன் எப்படித் தடுக்கலாம் என்று கேட்டார்கள். "பந்தை உதைத்த பிறகு அவரும் ஓர் ஆட்டக்காரர்தான்" என்றாராம் நடுவர். அவர்கள் கோட்டிலிருந்து பந்தை உள்ளே வீசினார்கள், ஒரு தடவை முன்னே வந்தார்கள், ஆட்டம் முடிந்ததென்று விசில் ஒலித்தது.

அந்த ஹாரன் சத்தத்தை நான் எப்படி எழுதுவது? துறைமுகத்தில் நின்ற படகுகளும் சேர்ந்துகொண்டன. பிர்கித் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். படகுத்துறையில் படுத்துக் காட்டியவர்களே ரோயியைத் தோளில் தூக்கினார்கள். அவன் எப்படியோ இறங்கி, சேறும் சகதியுமாக வந்து என் கண்ணாடியைத் தட்டினான்.

"அக்கா, ஹாரனை விடு! விளக்கும் எரியுது, பேட்டரி போயிடும்!"

"போனா போகட்டும்டா!"

போயேவிட்டது. சாவியைத் திருப்பினால் முனகல்கூட இல்லை. அப்போதுதான் குளித்து முடித்த மால்டாக்காரர்கள் பேருந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சென்சு நின்றார். காரைப் பார்த்தார், ரோயியைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டுக் காரின் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். பிறகு அவர்கள் கோல்காப்பாளர், பிறகு இன்னும் நாலைந்து பேர்.

"ரோயி, நீ உள்ள ஏறி ஓட்டு" என்றேன்.

"ஐயோ, விருந்தாளிங்க தள்ள நான் உக்காந்து வர்றதா? நீயே ஓட்டு" என்று அவனும் சென்சுவின் பக்கத்தில் போய்க் குனிந்தான். கார் கடலோரச் சாலையில் உருண்டு, இருமி, உயிர்பெற்றது. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி சாலை நடுவில் நின்றிருந்தார்கள். நான் மறுபடி ஹாரனை அழுத்தினேன்.